வடிவு பெத்த பிள்ளை

ஈரக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் வைகாசிக் கடைசியில் ஒரு பிள்ளையைப் புதைத்தார்கள். பதினாறு நாள் கழித்து, அதே வீட்டில் இன்னொரு பிள்ளை பிறந்தது.

டயகமையிலிருந்து ஏறுகிற கல்ரோட்டில் மூன்று மைல் நடந்தால் மேல்பிரிவு வரும். அங்கே ஒன்பதாம் நம்பர் லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசி இரண்டு காம்பராக்களில் அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். அண்ணன் மாயாண்டி, அவன் பெண்சாதி பேச்சியம்மா. தம்பி அழகுமுத்து, அவன் கட்டிக்கொண்டு வந்தவள் சண்முகவடிவு. இரண்டு காம்பராவுக்கும் முன்னால் தாழ்வாரமாக ஒரே இஸ்தோப்பு. விறகு, கூடைகள், காயாத கம்பளி எல்லாம் மழைக்காலத்தில் அங்கேதான் கிடக்கும். பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லாத வீடு. இருபத்தெட்டு வயதுப் பேச்சியம்மாதான் உலை வைப்பதிலிருந்து நல்லது கெட்டது பேசுவதுவரை எல்லாம் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவளுக்கு இரண்டு கலைந்து போயின. மூன்றாவதாகத் தங்கிப் பிறந்த பெண் குழந்தைதான் சளி கட்டி, மூச்சு இழுத்து, மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே கண்ணை மூடியது.

வடிவுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வட்டகொடைப் பக்கத்துப் பெண். தாய் இல்லை, தகப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு அவள் பிள்ளைகளோடு இருந்தான். தலைப்பிரசவத்துக்கு அங்கே போக வழியில்லாததால் இங்கேயே பெற்றாள்.

பிரிவு பிரிவாக நடந்து பிரசவம் பார்க்கிற மிஸ்ஸியம்மா தெரேசா வந்து சேருவதற்குள் பிள்ளையின் தலை வந்துவிட்டது. பேச்சியம்மாதான் ஏந்தினாள். தெரேசா தொப்புள்கொடியை வெட்டிக் கட்டி, தாயைத் துடைத்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் அடுத்த பிரிவுக்கு ஓடினாள். அங்கே ஒருத்திக்கு விடியற்காலையிலிருந்து வலி.

“பொம்பளப் புள்ள” என்று பேச்சியம்மா துணியில் சுற்றி வடிவின் பக்கத்தில் கிடத்தினாள்.

“மாருல வைக்கட்டுமாக்கா?”

“இப்பவா? மூணு நாளைக்கு ஆகாது. சீம்பாலு. மஞ்சளா, சீழு மாதிரி வரும் பாரு. அத குடிச்சா புள்ளைக்கு வயித்தால போகும். கறந்து ஊத்திறணும்.”

“அதுவரைக்கும் பசிக்குமே.”

“சீனித்தண்ணி தொட்டு வைப்போம். எல்லாப் புள்ளையும் அப்புடித்தான் வளருது.”

அப்படித்தான் செய்தார்கள். பேச்சியம்மா சிரட்டையில் பிழிந்து, லயத்துக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் ஊற்றினாள். தன் பிள்ளைக்கும் அவள் இதையேதான் செய்திருந்தாள். அதில் தவறிருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஆண்கள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார்கள். மழை விட்டு விட்டுத் தூறியது. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, பூனைக்குட்டி மாதிரிக் கீச்சென்றது. சீனித்தண்ணித் திரியை வாயில் வைத்தால் இரண்டு சப்பு சப்பிவிட்டுத் துப்பியது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பேச்சியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பதினெட்டு நாளாக அவள் தன் பாலை யாருக்கும் தெரியாமல் பிழிந்து மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வடிவு, நான் ஒரு வாட்டி குடுக்கட்டா? நாளன்னைக்கு நீ குடுப்ப. அதுவரைக்கும் தொண்ட காஞ்சி கெடக்க வேணாம்.”

வடிவு உடனே தலையாட்டினாள். அந்த அழுகை நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பேச்சியம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டாள். அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச்சியம்மாவின் முதுகு குலுங்குவதை வடிவு பாயில் படுத்தபடி பார்த்தாள். பாவமாக இருந்தது. கூடவே, தன் பிள்ளையின் முகம் தனக்குத் தெரியவில்லையே என்றும் இருந்தது.

நாலாம் நாள் வடிவு மார் கொடுத்துப் பார்த்தாள். அதற்குள் பால் கட்டி, இரண்டு மாரும் கல்லாக இறுகிக் காய்ச்சல் அடித்தது. பிள்ளைக்குப் பிடி கிடைக்கவில்லை. வாய் வைத்து வைத்து வழுக்கியது, வீறிட்டது. கையில் எப்படி ஏந்துவது, தலையை எங்கே தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பச்சைப்பிள்ளை பார்க்க வந்த லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவள் மாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுவே இன்னும் சின்னப் புள்ள. இதுகிட்ட எங்க பாலு ஊறப்போவுது?” என்றாள் அடுத்த காம்பரா அழகம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வடிவு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

“சும்மா இருங்கடி, அவளே வலியில கெடக்குறா” என்று பேச்சியம்மா எல்லோரையும் அதட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கின மறுநிமிஷம் வீடு அமைதியானது.

அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை வடிவு முயன்றாள். ஒவ்வொரு தடவையும் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு தடவையும் பேச்சியம்மா, “சரி விடு, ஆறட்டும். நாளைக்குப் பாப்போம்” என்றாள். அந்த ‘நாளைக்கு’ தள்ளித் தள்ளிப் போயிற்று. முப்பதாம் நாள் பிள்ளைக்கு நாகலெட்சுமி என்று பேர் வைத்தார்கள். பேச்சியம்மாவின் மடியில் வைத்துத்தான் காதில் சொன்னார்கள். அதை யாரும் விசேஷமாக எண்ணவில்லை.

முப்பது கழிந்ததும் வடிவு கூடையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆடிக் காற்று மலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று, சாயத்தண்ணி குடித்து, இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாக ஏறினால், அவள் கொழுந்து பறிக்கிற நிரை இருக்கிற உச்சிமலைக்கு இரண்டு மைல். பேச்சியம்மாவுக்கு அந்தச் சமயம் ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஃபேக்டரியில், காம்பு பொறுக்குகிற வேலை கிடைத்திருந்தது. மழை படாத வேலை, சூடான இடம். பிள்ளைக் காம்பரா அதற்கு எதிரேதான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்கண்ணு, நாகு அழுதால் வாசலில் நின்று கையைத் தட்டுவாள். பேச்சியம்மா போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். இதைவிட வசதி யாருக்கு வாய்க்கும் என்று லயமே சொன்னது.

கைப்பிள்ளைக்காரிகள் காலை பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று தோட்டத்தில் ஏற்பாடு இருந்தது. வேலைக்குப் போன மூன்றாம் நாள் வடிவும் கூடையை இறக்கி வைத்தாள். கணக்கப்பிள்ளை செல்லசாமி பார்த்துவிட்டார்.

“நீ எங்க எறங்குற?”

“புள்ளைக்குப் பாலு குடுக்க, ஐயா.”

“ஒம் புள்ளைக்குத்தான் ஸ்டோர் வாசல்லயே பாலு இருக்கே! நீ எறங்கி ஏறுறதுக்குள்ள பாதிக் கொழுந்து முத்திரும். நெரையப் புடி.”

நிரைகளில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வடிவும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூடையை மறுபடி மாட்டினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மாலையில் போய்க் கொடுக்கலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. தொப்பலாக நனைந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள் என்றால் பேச்சியம்மா பதறுவாள்.

“வேணாம் வடிவு. ஒடம்பு குளுந்து கெடக்கு. மழப்பாலு ஆகாது.”

“மாத்துச்சீல கட்டிட்டேன்கா.”

“சீல மாத்துனா பாலு மாறுமா? நான் பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயி நனஞ்சிட்டு வந்து குடுத்துத்தான் எம் புள்ளைக்குச் சளி கட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. வேணாம்டி. நான் சொல்லுறதக் கேளு.”

வடிவு பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

ஆனால் உடம்பு கேட்கவில்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் எங்கேயாவது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், சில நேரம் மான் கத்தினால்கூட, மார் கூசிப் பால் பீறிட்டு வரும். கம்பளிக்குள்ளே ரவிக்கை சூடாக நனைந்து, பிறகு ஜில்லென்று ஆகும். தேயிலைச் செடி மறைவில் குந்தி உட்கார்ந்து பிழிந்துவிடுவாள். ஆவணியில் ஒரு தடவை பால் கட்டி, நெறி ஏறி, குளிர்க் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாள். பேச்சியம்மா ஒத்தடம் கொடுத்தாள், கசாயம் வைத்தாள். கடைசியில் மாயாண்டியை அக்கரப்பத்தனைக் கடைவீதிக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு வருகிற மல்லிகைப்பூவில் இரண்டு முழம் வாங்கி வரச்சொன்னாள்.

“இத வச்சிக் கட்டினா ரெண்டு மூணு நாளையில வத்திரும். நீயும் எத்தன நாளைக்குத்தான் வலியில துடிப்ப?” என்றாள். துணியை இறுக்கிக் கட்டும்போது அவளுடைய கை அவ்வளவு பக்குவமாக இருந்தது. வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டு கட்ட விட்டாள். காம்பரா முழுக்க மல்லிகை மணத்தது. வாசலில் நின்ற அழகுமுத்து, “என்னா, கல்யாண வீடு கணக்கா மணக்குது?” என்று கேட்டுவிட்டு, பெண்சாதியின் முகத்தைப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டான்.

வலி நின்றது. ஒரு வாரத்தில் பாலும் நின்றது போலத்தான் இருந்தது.

ஐப்பசியில் நாகுவுக்கு நாலு மாதம். தெரேசா பிள்ளைக் காம்பராவில் எல்லாப் பிள்ளைகளையும் தராசில் போட்டு நிறுத்தபோது, நாகுவை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். “போன மாசத்துக்குக் கொறஞ்சிருக்கே. பேச்சி, பாலு பத்துதா?”

“நல்லாத்தான் குடிக்குது மிஸ்ஸியம்மா. வெளையாட்டுப் புத்தி, நெறைய ஒதைக்குது. அதான் மெலிஞ்சி தெரியுது.”

வடிவுக்கு அந்தப் பேச்சை அன்று மாலை அம்மாக்கண்ணுதான் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் இருவரும் விறகுக்குப் போயிருந்தார்கள். பேச்சியம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வடிவு பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்தாள். கன்னத்தில் சதையே இல்லை. பிள்ளையின் வாயில் ஒரு வாசனை வந்தது. இனிப்பாக, புளித்த மாதிரி.

“அக்கா, டின்பாலு குடுக்குறீங்களா?”

“யாரு? நானா? அம்மாக்கண்ணு நாக்குல ஒரு சொட்டு வச்சிருப்பா.”

“இன்னைக்கி ஞாயித்துக்கெழம. புள்ளக் காம்பராவே தொறக்கல. நேத்தும் இந்த வாசன இருந்துச்சு. முந்தாநாளும் இருந்துச்சு.”

பேச்சியம்மா கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். தோலோடு சதையும் சேர்ந்து போனது.

“ஒங்களுக்குப் பாலு வத்திருச்சாக்கா?”

கத்தி நின்றது. பேச்சியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் தலைக்கு ஊத்தி மூணு மாசமாவுது” என்றாள்.

வடிவுக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. “முழுகாம இருக்கீங்களா?”

“ம்.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னா சொல்லுவாங்க? சூலிப்பாலு புள்ளைக்கு ஆகாதுன்னு அன்னைக்கே பிரிச்சிருவாங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறஞ்சுச்சு. சரியாப்போயிரும், சரியாப்போயிரும்னு நானும் இருந்தேன். ஒரு டின்னு வாங்கி அரிசிப்பானைக்குள்ள வச்சிருக்கேன். கரைச்சுக் குடுத்தா தூங்குதேன்னு குடுத்தேன்.”

“எம் புள்ள பட்டினி கெடந்திருக்கேக்கா.”

“எம் புள்ள” என்று அவள் அந்த வீட்டில் வாய் திறந்து சொன்னது அன்றுதான். பேச்சியம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“தெரியும்டி. தெரிஞ்சேதான் இருந்தேன். இது மாருல வாய வைக்கிறப்பத்தான் எனக்கு மூச்சே வருது. இந்தப் பத்து வருசத்துல ஒரு புள்ள என் மொகத்தப் பாத்துச் சிரிச்சிருக்கா? மண்ணுக்குப் போனதுக்குப் பேருகூட வைக்கல. முப்பதுக்கு வைப்போம்னு இருந்தோம். அதுக்கு இன்னும் நாலு நாளு இருந்துச்சு.” மூக்கை முந்தானையில் துடைத்தாள். “ஒனக்கு மட்டும் பாலு இருந்திருந்தா நான் அன்னைக்கே குடுத்திருப்பேன்.”

“இருந்துச்சுக்கா. நீங்கதான் பூவ வச்சிக் கட்டுனீங்க.”

“நீதான் வலிக்குதுன்னு அழுத.”

“ஆமா, வலிச்சுச்சு. அழுதேன். புள்ளையக் குடுங்கன்னு கேக்கத்தான் வாய் வரல.”

பிள்ளை வடிவின் தோளில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உள்ள வா. கதவச் சாத்து” என்றாள்.

உள்ளே போய் வடிவின் ரவிக்கையை அவிழ்த்து, மாரை அடியிலிருந்து மெல்ல அமுக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். மூன்றாவது தடவை காம்பின் நுனியில் குன்றிமணி அளவுக்கு ஒரு சொட்டு நின்றது.

“இருக்கு” என்றாள் பேச்சியம்மா.

மறுநாள் அவர்கள் இருவருமே வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு மருந்துக் காம்பராவில் தெரேசாவைப் போய்ப் பார்த்தார்கள். தெரேசாவுக்கு முப்பது வயதிருக்கும், கல்யாணமாகாதவள், எந்நேரமும் ஓட்டத்திலேயே இருப்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“பொய் சொல்ல மாட்டேன். புள்ள சப்பச் சப்பத்தான் பாலு ஊறும்னு படிச்சேன். ஆனா வத்திப்போயி இத்தன நாளு கழிச்சு வந்தத நான் கண்ணால பாத்ததில்ல. வரலாம், வராமலும் போகலாம். அந்தச் சீம்பாலக் கறந்து ஊத்தாதீங்கன்னு அன்னைக்கு ஒரு பத்து நிமிசம் ஒக்காந்து சொல்லியிருக்கணும். ஓடிட்டேன்.”

“எத்தன தடவ குடுக்கணும் மிஸ்ஸியம்மா?” என்றாள் வடிவு.

“ரெண்டு மணிக்கு ஒருக்கா. அழுதா அதுக்கு முன்னாடியும். டின்ன நிறுத்திட்டுப் பசும்பாலக் காய்ச்சி, தண்ணி கலந்து, கரண்டியில குடு. நல்லா சாப்புடு. ஆனா நீ உச்சிமலையில நின்னா இது நடக்காது, புள்ள.”

வடிவு தரையைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது.

“அது நடக்கும்” என்றாள் பேச்சியம்மா. “நான் மலைக்குப் போறேன். இவ ஸ்டோருக்கு வரட்டும்.”

அன்று மாலை மாயாண்டி அதைக் கேட்டுக் குதித்தான். பெண்சாதி பிள்ளை உண்டாகியிருக்கிற சந்தோஷத்தைக்கூட அவனால் முழுசாகப் பட முடியவில்லை. “மூணு மாசத்தோட மலையேறப் போறியா? ரெண்டு கலஞ்சது பத்தாதா ஒனக்கு? ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“அப்ப அந்தப் புள்ள சாகட்டுமா?”

“நான் அதச் சொல்லல.”

“நான் செஞ்சது எனக்குத் தெரியும். நீங்க கம்முனு இருங்க.”

அழகுமுத்து அண்ணனையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தான். தன் வீட்டில் இத்தனை நடந்திருக்கிறது, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற வெட்கம் அவனுக்கு. மறுநாள் விடியுமுன் அதே லயத்து வேலாயி வீட்டுக்குப் போய், அவள் வளர்க்கிற பசுவில் ஒரு செம்புப் பால் வாங்கி வந்து பெண்சாதி கையில் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் அவன்தான் போனான்.

பேச்சியம்மா ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரிடம் போய், வயிற்றைச் சொல்லாமல், தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தன் இடத்தை வடிவுக்கு மாற்றிக்கொண்டாள். மாயாண்டிக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை; இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். முடிந்ததும் அவன் வீட்டுக்கு வராமல் உச்சிமலைக்கு ஏறுவான். பேச்சியம்மாவின் கூடையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடப்பான். ஆம்பிளை கொழுந்துக் கூடை சுமக்கிறானென்று ரோட்டில் கேலி செய்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நாகு வடிவின் மாரை ஏற்கவில்லை. முதல் நாள் வாய் வைத்தது. வாசனை வேறென்று தெரிந்ததும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பிள்ளைக் காம்பராவில் அழுது நீலம் பாரித்துப் போனபோது அம்மாக்கண்ணு பயந்துபோய், “விட்டுரு தாயி, கரண்டிப்பாலே போதும்” என்றாள். அன்று மாலை வடிவு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதுக்கு என்னையப் புடிக்கல.”

மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த பேச்சியம்மா, “புடிக்கிறது என்னா, புடிக்காதது என்னா. அதுக்கு மூக்குதான் கண்ணு” என்றாள். உள்ளே போய் முதல்நாள் உடுத்தின தன் சேலையைக் கொண்டுவந்து வடிவின் தோளில் சுற்றினாள். “இப்புடி என் மேல சாஞ்சி ஒக்காரு.”

வடிவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேர் கைக்கும் நடுவில் பிள்ளை. பேச்சியம்மா வாயால் ஏதோ முணுமுணுத்தாள். தாலாட்டு என்றும் சொல்ல முடியாது. காய்ச்சின பாலைக் கரண்டியில் எடுத்து வடிவின் மார் மேல் துளித்துளியாக வழியவிட்டாள். பிள்ளை மோந்து பார்த்தது. சிணுங்கியது. வழிந்த பாலை நக்கியது. பிறகு பிடித்தது.

“கழுத்த நிமித்தாத. அப்புடியே இரு. மூச்சு விடு” என்றாள் பேச்சியம்மா காதோரத்தில்.

வடிவு மூச்சை விட்டாள். காம்பு சுரீரென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை சப்பிக்கொண்டே இருந்தது. அதற்குக் கிடைத்ததெல்லாம் பசுவின் பால்தான். கரண்டி காலியாகக் காலியாக அழகுமுத்து நிறைத்துக் கொடுத்தான்.

காலையில் ஒரு தடவை, மாலையில் இரண்டு தடவை இப்படி. பகலில் ஸ்டோரிலிருந்து ஓடி ஓடி, பேச்சியம்மாவின் சேலையை மேலே போட்டுக்கொண்டு. பூண்டு வறுத்துச் சோற்றில் பிசைந்து தின்றாள். சுறாக் கருவாட்டுக் குழம்பு தின்றாள். லயத்தில் யார் எதைச் சொன்னாலும் தின்றாள். நாலைந்து நாளில் கரண்டியின் வேகத்தைப் பேச்சியம்மா குறைத்தாள். எட்டாம் நாள் பாலே வரவில்லையோ என்று வடிவு அழுதாள். பேச்சியம்மா அன்று அவளைத் திட்டினாள். அவளுக்கும் பயம்தான். மலை ஏறி இறங்கி இடுப்பு கடுத்தது. இரண்டு நாள் லேசாகத் தீட்டுப் பட்டிருந்தது. அதைத் தெரேசாவிடம் மட்டும் சொன்னாள். தெரேசா அவளை ஒரு வாரம் படுக்கவைத்து, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்குச் சீட்டு எழுதி, லயத்தோரத்துச் சமமலைக்கு மாற்றச் சொன்னாள். கண்டாக்கு முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்.

பதின்மூன்றாம் நாள் வடிவு ஸ்டோரில் பலகை முன்னால் குனிந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளை அழுதது. நாகுதானா என்றுகூட நிச்சயமில்லை. மார் கூசியது. குனிந்து பார்த்தாள். ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம்.

மணி அடிக்கவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. தேயிலைத் தூசு படிந்த கையோடு எழுந்து ஓடினாள். “ஏய், எங்க போற?” என்று டீமேக்கர் கத்தினார். “புள்ளைக்குப் பாலு குடுக்க!” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். அந்த ஸ்டோரில் இருந்தவர்கள் அவள் குரலை அவ்வளவு சத்தமாக அதுவரை கேட்டதில்லை.

அன்று நாகு கரண்டி இல்லாமல் குடித்தது. கடைவாயில் வெள்ளையாக வழிந்ததை அம்மாக்கண்ணு தொட்டுப் பார்த்துவிட்டு, “அடி ஆத்தே” என்றாள்.

கார்த்திகைக் கடைசியில் தெரேசா நிறுத்தபோது பிள்ளை தேறியிருந்தது. பசும்பாலும் கொஞ்சநாள் தேவைப்பட்டது. முழுசாக நிற்க மார்கழி ஆகிவிட்டது. பேச்சியம்மாவின் வயிறும் தங்கியது. ஆனால் அவள் நாகுவைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்தால் வேண்டுமென்றே பீலிக்குப் போவாள், விறகு உடைப்பாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையை ஆட்டினால், கையில் ஏதாவது வேலை இருக்கிறமாதிரி திரும்பிக்கொள்வாள். வடிவுக்கு அது தெரிந்தது. “அக்கா, கொஞ்சம் புடிங்க, ஒல கொதிக்குது” என்று இல்லாத உலையைச் சொல்லி இரண்டு மூன்று தடவை பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

தை மாதத்தில் ஒருநாள். காலையில் பிள்ளைக்கு உடம்பு கதகதவென்றிருந்தது. பேச்சியம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் வடிவு ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சாயந்தரம் லாரி வருகிறதென்று ஸ்டோரில் எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். பெட்டிகள் ஏற்றி முடிகிறவரை விடவில்லை. வடிவுக்கு மார் கனத்துக் கட்டி வலித்தது. விட்டதும் செருப்பில்லாத காலோடு கல்ரோட்டில் ஓடினாள்.

லயத்துக்குக் கீழே படிக்கட்டு வரும்போதே அழுகை கேட்டது. பசி அழுகை. பேச்சியம்மா தனியாக இருக்கிறாள். பிள்ளை இவ்வளவு அழுதால் அவள் மனசு தாங்குமா என்று நினைத்துக்கொண்டே படிகளைத் தாவி ஏறினாள்.

பேச்சியம்மா இஸ்தோப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆறாம் மாதத்து வயிற்றுக்கு மேலே பிள்ளையை உட்காரவைத்து, முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் மாரில் முகத்தை வைத்து வைத்துத் தேய்த்தது. ரவிக்கையைக் கவ்வப் பார்த்தது. பேச்சியம்மா ஒவ்வொரு தடவையும் அதன் முகத்தை மெல்ல எடுத்துத் தோளில் போட்டாள். அவளுடைய கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இங்க இல்ல கண்ணு, இங்க ஒண்ணுமில்ல. இரு, இரு. இந்தா வர்றா பாரு. அங்க பாரு, ஒங்கம்மா வர்றா. ஒங்கம்மா ஓடி வர்றா பாரு.”

வடிவு கடைசிப் படியில் நின்றுவிட்டாள். மூச்சு இரைத்தது. பிள்ளையிடம் அவளை அப்படிக் காட்டிப் பேச்சியம்மா சொன்னது அதுதான் முதல் தடவை.

“என்னாடி நிக்கிற?” என்றாள் பேச்சியம்மா. “எவ்வளவு நேரமா அழுவுது. வந்து வாங்கு.”